மறுபிறப்பு (கிறிஸ்தவம்)

பாவத்தில் மரித்த நிலையிலுள்ள மனிதனுக்குப் பரிசுத்த ஆவியானவர் புது உயிர் தருவதைக் கிறிஸ்தவர்கள் மறுபிறப்பு என்கிறார்கள். செத்தபின் வேறு உடலெடுப்பதன்று; இந்த வாழ்வுக்குள்ளேயே நடப்பது. இரவில் தேடிவந்த நிக்கொதேமு என்னும் பரிசேயரிடம் இயேசு பேசியது (யோவான் 3) இதற்கு முதல் ஆதாரம். அங்கே தண்ணீரும் ஆவியும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. பிற்காலச் சச்சரவுகளுக்கெல்லாம் விதை அதுதான். மறுபிறப்பு தேவை என்பதை எல்லாச் சபைகளும் ஒப்புக்கொள்கின்றன. எப்போது என்று கேட்டால்தான் பிரிந்து நிற்கின்றன.

ஆதிச் சபை ஞானஸ்நானத்தையே அந்த வேளையாகக் கொண்டது. கி.பி. 155 வாக்கில் எழுதிய சபைத் தந்தை ஜஸ்டினும் அப்படியே விளக்குகிறார். பழைய பாவம் முழுவதும் தண்ணீரில் போகும் என்றால் அவசரப்படுவானேன் என்று பலர் தள்ளிப்போட்டார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல், சாகும் தறுவாயில்தான் ஞானஸ்நானம் பெற்றார். இந்தப் போக்கைத் திருப்பியவர் அகஸ்டீன். ஜென்ம பாவம் கைக்குழந்தைக்கும் உண்டு என்று, அதை மறுத்த துறவி பெலேஜியஸுக்கு எதிராக அவர் வாதாடிய பின், குழந்தை ஞானஸ்நானம் மேற்கில் வேரூன்றியது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளின் கதி என்ன என்ற கொடிய கேள்வியும் கூடவே வந்தது. அவர்களும் மீட்படைவார்கள் என நம்ப இடமுண்டு என்று வத்திக்கானின் இறையியல் குழு சொன்னது 2007இல்தான்.

சீர்திருத்தக் காலத்தில் லூத்தர் பழைய நிலையை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டார். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காமல், சூரிச்சில் 1525இல் விசுவாசித்த பெரியவர்கள் மீண்டும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் பெலிக்ஸ் மான்ஸை 1527இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது நகர மன்றம். நெதர்லாந்தில் கூடிய கால்வினியச் சபைகளின் டார்ட் மாமன்றம் (1618–19) வேறு திசையில் போனது: தேவன் முதலில் உயிர்ப்பிக்கிறார், விசுவாசம் அதன் கனி. ஜெர்மானிய லூத்தரன் சபைக்குள் எழுந்த பக்திநெறி இயக்கத்தாரோ உள்ளம் உணர்ந்து திரும்பும் அனுபவத்தைத் தேடினார்கள். அவ்வியக்கத்தின் ஹாலே நகரோடு தொடர்புடைய மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார்.

மறுபிறப்பு எப்போது என்ற இந்தச் சச்சரவு நீதிமன்றம் வரைக்கும் போனது இங்கிலாந்தில். 1847இல் ஜார்ஜ் கோர்ஹாம் என்ற முதிய போதகர் பிராம்ஃபோர்டு ஸ்பீக் என்ற சிற்றூருக்கு நியமிக்கப்பட்டார். எக்ஸிடர் பேராயர் பில்பாட்ஸ் அவரை உட்காரவைத்து, பல நாள், 149 கேள்விகள் கேட்டார். எல்லாம் ஒரே புள்ளியைச் சுற்றியவை: ஞானஸ்நானம் பெறும் குழந்தை ஒவ்வொன்றும் அந்த நொடியே மறுபடி பிறக்கிறதா? அப்படி நிச்சயமில்லை என்றார் கோர்ஹாம். பேராயர் பதவி தர மறுத்தார். சபை நீதிமன்றம் பேராயர் பக்கம் நின்றது. 1850இல் அரசின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதை மாற்றி, கோர்ஹாமின் கருத்து ஆங்கிலிக்கன் போதனைக்கு விரோதமன்று என்றது. தீர்ப்பு கோர்ஹாமுக்குச் சாதகம். ஆனால் விசுவாசத்தை அரசின் நீதிபதிகள் தீர்மானிப்பதா என்று வெகுண்டு, ஹென்றி மேனிங் போன்ற ஆங்கிலிக்கன் குருக்கள் ரோமன் கத்தோலிக்க சபையில் சேர்ந்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

அதே சச்சரவு இன்றும் தொடர்கிறது: தமிழ்நாட்டில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால், மனந்திரும்பியபின் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்கள். சி.எஸ்.ஐ. அந்த இரண்டாவது ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை.