குஜிலிப் புத்தகம் முதல் அட்டைப்படம் வரை: கிதார் ஏறிய தமிழ் நாட்டுப்பாட்டு

கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் புறப்படும் சென்னை முனையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். 1900-இல் திறந்து 1985 மே மாதத் தீயில் அழிந்த மூர் மார்க்கெட் நின்ற மண் அது. பழைய புத்தகமும் பழைய இசைத்தட்டும் தேடியவர்கள் பல தலைமுறையாக அங்கேதான் அலைந்தார்கள். கூப்பிடு தூரத்தில், பார்க் டவுனில், மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களுக்குப் பேர்போன குஜிலி பஜார். ரயில் பாதையின் மறுமுனையான கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையும், இலங்கையிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் வாழும் பெரிய முகாமும் இருக்கின்றன. தமிழ் நாட்டுப்பாட்டு கிதாரோடு சேர்ந்த வரலாற்றுக்கு இந்த இரண்டு முனைகளும் வேண்டும். ஒன்றில் அச்சு, மற்றொன்றில் கடல் கடந்து வந்த துள்ளிசை.

அச்சிலிருந்து தொடங்கலாம். குஜிலிப் புத்தகம் பெரும்பாலும் எட்டுப் பக்கம். மட்டரகத் தாள், முகப்பில் பாட்டுக்குப் பொருந்தியும் பொருந்தாமலும் ஒரு மரக்கட்டை அச்சுப்படம். ரயில் விபத்து, வெள்ளம், கொலைச் சிந்து, காந்தி, பகத்சிங் என்று ஊர் பேசிய எல்லாமே அதில் பாட்டானது. தேசியப் பாடல்கள் சிலவற்றைப் பிரிட்டிஷ் அரசு தடைசெய்யும் அளவுக்கு அவற்றுக்கு வீச்சு இருந்தது. இந்தப் புத்தகங்களில் கவனிக்க வேண்டியது பாட்டின் தலையில் இருக்கும் ஒரே ஒரு வரி: இன்ன பாட்டின் மெட்டு. ஸ்வரக் குறிப்பு கிடையாது. அந்த மெட்டு வாங்குபவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் விற்பவர் பாடிக் காட்ட வேண்டும். ஆக, சந்தையிலும் திருவிழாவிலும் பாடி விற்றவரின் தொண்டை இல்லாமல் அந்தப் புத்தகம் முழுமையடையாது. முகப்பில் ஆசிரியர் பெயரும் அச்சுக்கூடமும் விலையும் உண்டு. பாடி விற்றவர் எங்கும் இல்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' (2004) இந்த அச்சு உலகை ஆய்வுக்குள் கொண்டுவந்தது. அதுவரை புலவர்கள் இதை இலக்கியக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சேகரிப்பாளர்களின் வழி வேறு. சார்லஸ் கோவர் 1871-இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் தொகுத்தார். மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை' 1943-இல் வந்தது. பெர்சி மாக்வீன் திரட்டி வைத்தவற்றைக் கி. வா. ஜகந்நாதன் 1958-இல் 'மலையருவி'யாகப் பதிப்பித்தார். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இல் வெளியானது. நா.வா. தொகுப்பில் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் தரப்பட்டிருக்கும். அன்றைய நிலையில் அதுவே பெரிய முன்னேற்றம். ஆனாலும் நடவு வயலில் பாடிய பெண்ணின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பாட்டை மக்கள் சொத்து என்று போற்றுகிற அதே மூச்சில், பாடியவரைக் கூட்டத்தில் ஒருவராக்கிவிட்டோம்.

இசைத்தட்டு குரலைப் பிடித்தது. 78 வேகத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், சற்று மேலே. விடிய விடிய நடக்கும் கூத்துப் பாட்டுக்கு அதில் எங்கே இடம்? கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் போன்ற நாடக மேடை நட்சத்திரங்களின் குரலும் முகமும் அந்தச் சந்தையில் விலைபோயின. வயலிலும் சாவு வீட்டிலும் பாடியவர்களை ஒளிப்படம் எடுக்கக் கம்பெனிகளுக்கு வணிகக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

நாட்டுப்பாட்டுக்குக் கிதார் வந்தது இலங்கை வழியாக. போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற தாளத்தை ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரும் ஆப்பிரிக்க வழிவந்த புத்தளத்துக் காப்பிரிகளும் காப்பாற்றி வைத்திருந்தார்கள். வாலி பஸ்தியான் அதைச் சிங்களத்தில் பைலாவாக ஊரெங்கும் பரப்பினார். 1960-களின் பிற்பாதியில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் படித்தபோது, அதே துள்ளலில் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை ஏற்றினார். கள்ளுக்கடை, மாமி என்று அடுத்த வீட்டுச் சங்கதிகளே பாட்டின் பொருள். 'பொப்' என்றும் 'துள்ளிசை' என்றும் அழைக்கப்பட்ட இந்த இசைக்குக் கிதாரும் கைத்தட்டலும் போதும். தமிழகத்தில் கிதார் சினிமா வாத்தியக் குழுவுக்குள் அடங்கியிருந்த காலம் அது. ஒருவர் தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிதாரோடு மேடையேறிப் பாடும் வழக்கத்தைத் தமிழில் அழுத்தமாக நிறுவியவர்கள் ஈழத்துக் கலைஞர்களே என்பது என் முடிவு. இங்குள்ள இசை வரலாறுகள் இதை இன்னும் சரியாக ஒப்புக்கொள்ளவில்லை.

அமெரிக்காவிலும் அதே காலத்தில்தான் நாட்டுப்பாட்டு மின்கிதாருக்கு மாறியது. 1965 ஜூலையில் நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் மின்கிதாரோடு ஏறியது பெரும் சர்ச்சையானது. ஆனால் அமெரிக்கப் பாடகர்களுக்குப் பின்னால் ஒரு கருவூலம் இருந்தது. 1920-களின் கடைசியிலும் 30-களின் தொடக்கத்திலும் வந்த பழைய தட்டுகளிலிருந்து 84 பாடல்களைப் பொறுக்கி, பாடியவர் பெயரோடும் படங்களும் குறிப்புகளும் கொண்ட கையேட்டோடும் ஹாரி ஸ்மித் 1952-இல் வெளியிட்டிருந்தார். அடுத்த தலைமுறை அதைக் கேட்டுத்தான் பாடக் கற்றது.

நம்மிடம் நடந்ததற்குச் 'சுராங்கனி' சாட்சி. ஏ. ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து பாடிய மீன்காரப் பாட்டு அது. 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடினார்கள். கல்லூரிச் சுற்றுலா பஸ்ஸில் அதைப் பாடாத தலைமுறை இல்லை. 'சிலோன்' மனோகர் என்று அறியப்பட்ட அவர் சென்னைக்கு வந்து திரைப்படங்களில் வில்லன் வேடங்கள் ஏற்றார். 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார். முகத்தைப் படத்தில் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குரலோடு அதைச் சேர்த்துப் பார்த்தார்கள்?

ஒலிநாடா வந்ததும் பதிவுச் செலவு குறைந்தது. கே. ஏ. குணசேகரன் தன் 'தன்னானே' குழுவோடு நாட்டுப்பாட்டை அரசியல் மேடைக்குக் கொண்டுசென்றார். சட்டியும் 'டேப்' என்ற தோற்கருவியும் அடித்துச் சாவு வீட்டில் பாடப்பட்ட வடசென்னைக் கானாவும் மெல்ல ஒலிநாடாவுக்கும் சினிமாவுக்கும் நகர்ந்தது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னையில் மேடையேறியபோது, கானாவும் பறையும் ராக் கிதாரும் ஒரே வரிசையில் நின்றன. குழுவின் பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்து. பாடகர்கள் பெயரோடும் முகத்தோடும் வந்தது இந்த மேடையின் தனிச்சிறப்பு. குழுவின் பாடகி இசைவாணி 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

அந்தக் குழுவிலிருந்து வந்தவர், திருவள்ளூர் மாவட்டத்தை ஒட்டிய அரக்கோணத்துக்காரரான பாடகர் அறிவு. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை அறிவு 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி'க்குள் கொண்டுவந்தார். பாடகி தீயும் அவரும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த அந்தப் பதிவு உலகம் சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இரஞ்சித் பொதுவெளியில் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்கும் ஓர் அட்டை வந்தது. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்ற வாக்குவாதம் 2022-இலும் ஓயவில்லை. அதன் நியாயம் எந்தப் பக்கம் இருந்தாலும், குஜிலிப் புத்தக முகப்பில் விடுபட்டது பளபளப்புத் தாளிலும் விடுபட்டது என்பது ஆவணம்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய பாட்டுப் புத்தகங்களைக் காத்துவருகிறது. 2005 முதல் 'நூலக நிறுவனம்' என்ற அமைப்பு ஈழத்து ஆவணங்களை மின்னாக்கம் செய்கிறது. கும்மிடிப்பூண்டி முகாமிலோ பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கமோ யார் வீட்டிலாவது பழைய ஒலிநாடா, தட்டின் உறை, மேடை ஒளிப்படம் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அதன் பின்பக்கம் பாடியவர், வாசித்தவர் பெயரை எழுதி இவர்களில் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள்.