கல்லூரி வாயிலின் காவலர் யார்?

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, ஆந்திர எல்லையைத் தொடுமுன் கும்மிடிப்பூண்டியைக் கடக்கிறது. ஒருபுறம் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். மறுபுறம் ஏரிகளும் வயல்களும். இடையிடையே அரசுப் பள்ளிகள். அவ்வட்டாரத்துப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளைப் புரட்டினால் ஒரு சிறு உலகமே அவற்றில் அடங்கியிருக்கக் காணலாம். உழவர் வீட்டு மகன், வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் மாணவி, பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் பிள்ளை, இருளர் குடியிருப்பிலிருந்து எழுத்தறிய வரும் முதல் தலைமுறை, ஈழப்போரின் கொடுமைக்குத் தப்பி வந்து முகாமில் வாழ்வோரின் குழந்தை, ஆலை வேலைக்கென வடபுலத்திலிருந்து குடிபெயர்ந்தோரின் செல்வங்கள்! இத்தனை பேருக்கும் இடமளிப்பது பொதுப்பள்ளியின் பலகை.

இவர்களை ஒரே பலகையில் அமர்த்தியது யார்? ஆண்டவன் அருளா? முன்வினைப் பயனா? ஊர்ப் பெரியோரின் தயாளமா? அல்ல, அல்ல! சட்டமும் கிளர்ச்சியும் வாக்குச்சீட்டும் அமர்த்தின. நூறாண்டுக்கும் மேலாக நடந்த உரிமைப் போரின் விளைவே அந்தப் பலகை. ஆனால் பலகையில் இடம் கிடைத்ததாலேயே பயணம் முடிந்துவிடவில்லை. பள்ளியின் கடைசி வகுப்புக்கும் கல்லூரியின் முதல் வகுப்புக்கும் இடையே ஒரு வாயில் உண்டு. அந்த வாயிலின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

வரலாற்றைத் துருவிப் பார்க்குமிடத்து ஓர் உண்மை பளிச்சிடுகிறது. கல்லூரிக்கு மாணவனை ஆயத்தம் செய்யும் பணி பொதுப்பள்ளிக்குள் நடந்தபோதெல்லாம் வாயில் அகன்றது. அந்தப் பணி பள்ளிக்கு வெளியே தள்ளப்பட்டு, பணத்துக்கோ பிறப்புக்கோ உரியதாக்கப்பட்டபோதெல்லாம் வாயில் குறுகியது. இதனை மெய்ப்பிக்கத் தொலைநாடுகளுக்குப் போக வேண்டுவதில்லை. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமாகும் வரை அதனைத் தன்னுள் கொண்டிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் கதையே போதும்.

திண்ணையும் சேரியும்

"வெள்ளையன் வருமுன் ஊர்தோறும் பள்ளி இருந்தது, எல்லோரும் கற்றனர்" என்று பழமை பேசுவோர் உளர். பள்ளிகள் இருந்தன, மறுக்கவில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ திரட்டி 1826இல் வெளியிட்ட கணக்கின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். ஆனால் மக்கள் தொகையோ 1 கோடியே 28 லட்சத்துக்கு மேல்! ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவரே பள்ளியில் இருந்தார். அந்த மாணவரிலும் பெண்கள் 4,540 பேரே. நிலமுடைய சாதியாரின் பிள்ளைகள் திண்ணையில் எழுத்தும் எண்ணும் பயின்றனர். சாத்திரம் போதித்த உயர்கல்விக் கூடங்களோ ஏறத்தாழ முழுவதும் பார்ப்பனருக்கே உரியனவாயிருந்தன. சேரிப் பிள்ளைக்குத் திண்ணையே எட்டாக்கனி. உயர்கல்வியைப் பற்றிப் பேசுவானேன்?

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. மெட்ரிகுலேஷன் எனும் தேர்வு வாயிலில் வந்து நின்றது. ஆங்கிலம் அறிந்தோர்க்கே அது திறக்கும். ஆங்கிலம் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளிகளோ பட்டணங்களில் இருந்தன. வேதம் ஓதிய குடும்பங்கள் வெகு விரைவில் மெக்காலேயின் மொழியையும் ஓதத் தொடங்கின. சாத்திரம் காத்த கதவைத் தேர்வு காக்கத் தொடங்கியது. உள்ளே சென்றவர் மட்டும் மாறவில்லை!

அதே வேளையில் செங்கற்பட்டுச் சிற்றூர்களின் நிலை என்ன? 1891இல் மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர், பறையர் மக்களின் வாழ்வைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதாரரின் பிடியில், குடியிருக்கும் மனையும் தமக்குச் சொந்தமில்லாமல், கடனுக்கு உழைப்பை அடகு வைத்து வாழ்ந்த மக்களை அவ்வறிக்கை அரசின் கண்முன் நிறுத்திற்று. அதன் விளைவாய் 1892இல் நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் இன்று கூறுவது அதுவே. 1893இல் அம்மக்களின் கல்விக்கென ஒரு தனி ஆணையும் வந்தது. அக்காலத்தில் திருவள்ளூர் வட்டாரத்தில் சேரி மக்களிடையே பணியாற்றியவர் வில்லியம் கௌடி எனும் பாதிரியார். திருவள்ளூர்ப் பள்ளியொன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. மதம் பரப்ப வந்தவர் அவர் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், "நம் மதம், நம் மதம்" என முழங்கியோர் மூடி வைத்திருந்த ஏட்டை, கடல் கடந்து வந்தவர் திறந்து காட்டினாரே, அதை மறைப்பது நேர்மையாகுமா?

பதினான்கு இடங்கள்

1916இல் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கை கல்வியிலும் அலுவலிலும் நிலவிய ஏற்றத்தாழ்வை ஊரறியச் செய்தது. நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது; வகுப்புரிமை ஆணைகள் பிறந்தன. பின்னர் தொழிற்கல்லூரிகளில், ஒவ்வொரு 14 இடங்களிலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, அரிசனருக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பகுத்தளிக்கும் முறை நடைமுறையில் இருந்தது. ஒருவர்க்கும் கதவடைக்காத ஏற்பாடு! எனினும் குடியரசு பிறந்ததும் அதன்மீதே வழக்குத் தொடுக்கப்பட்டது. 1951 ஏப்ரல் 9 அன்று, செண்பகம் துரைராசன் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாதவர் தொடுத்த வழக்கு அது என்பதைத் தீர்ப்பின் ஏடே கூறும். தமிழகம் கொதித்தெழுந்தது. பெரியார் நடத்திய கிளர்ச்சி தில்லியை அசைத்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது.

வாயில் காப்பாற்றப்பட்டது. ஆனால் வாயில்வரை வந்து சேரப் பள்ளி வேண்டுமே! அந்தப் பள்ளிக்கே 1953இல் ஆபத்து வந்தது. முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த திட்டத்தின்படி, சிற்றூர்ப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும். எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும். வண்ணான் பிள்ளை வெளுக்கவும் குயவன் பிள்ளை வனையவும்! இதனைத்தான் குலக்கல்வி என்று நாடு அழைத்தது, எதிர்த்தது, வீழ்த்தியது. 1954இல் காமராசர் முதலமைச்சரானார். ஆண்ட சில வாரங்களிலேயே அத்திட்டத்தைக் கைவிட்டார்.

கடம்பத்தூரில் நடந்தது

அடுத்து நிகழ்ந்ததில் திருவள்ளூர் வட்டாரத்துக்குத் தனிப் பெருமை உண்டு. காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநரானவர் நெ. து. சுந்தரவடிவேலு. செங்கற்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்தவர், சுயமரியாதைக் கொள்கையர். பள்ளிகளுக்குக் கட்டடமில்லை, கரும்பலகையில்லை, பலகையில்லை. அரசின் கருவூலத்திலும் போதிய பணமில்லை. "மக்களிடம் போவோம்" என்றார். பள்ளிச் சீரமைப்பு மாநாடு எனும் இயக்கம் பிறந்தது. அதன் முதல் மாநாடு 1958இல் நடந்த இடம், திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூர்!

கோயிலுக்குக் கொடை கேட்டால் கொடுத்துப் பழகிய ஊர்கள் பள்ளிக்குக் கொடுத்தன. மேசை, நாற்காலி, மணி, கடிகாரம், நிலம், கூரை எனக் கையில் இருந்ததை அளித்தன. குடமுழுக்கில் கரைந்த பொருள் கரும்பலகையாய் நின்றது. "பள்ளி நம்முடையது" எனும் எண்ணம் ஊராரின் நெஞ்சில் வேரூன்றியது. மதிய உணவு வந்தது. 1960களில் பள்ளியிறுதி வரை கட்டணம் நீங்கிற்று.

எனினும் ஓர் இடைவெளி எஞ்சியிருந்தது. பள்ளிக்கல்வி பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் புகுமுக வகுப்போ கல்லூரியில் இருந்தது. பெரும்பாலும் ஆங்கில வழியில் நடந்தது. பொன்னேரியில் 1965இல் அரசுக் கல்லூரி தோன்றுமுன், கும்மிடிப்பூண்டிப் பிள்ளை அதற்காகச் சென்னைக்குச் சென்றாக வேண்டும். பட்டணம், விடுதி, புதிய மொழி, ஓராண்டே அவகாசம். தடுமாறியவர் எத்தனை பேர்! பெண் பிள்ளையை அனுப்பத் துணிந்த வீடுகள் எத்தனை?

1978இல் தமிழ்நாடு மேல்நிலைக் கல்வியைத் தொடங்கிற்று. கல்லூரியில் ஓராண்டாயிருந்த ஆயத்தம் பள்ளியில் ஈராண்டாயிற்று. இதனைப் பாடத்திட்ட மாற்றம் என்று மட்டும் கருதுவோர் அதன் ஆழத்தை அறியாதோர். வாயிற்படியே பட்டணத்திலிருந்து பெயர்ந்து சிற்றூருக்கு வந்தது! இயற்பியலும் வேதியியலும், நடந்தே போகக்கூடிய பள்ளியில், தாய்மொழியில் கிடைக்கலாயின. அந்தப் படியில் ஏறித்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பல்லாயிரவர் வந்தனர்.

மீண்டும் ஒரு பூட்டு

திறந்த கதவைக் கண்டால் பூட்டுத் தேடுவோர் சும்மா இருப்பரா? 1984இல் தொழிற்கல்லூரிகளுக்கு நுழைவுத்தேர்வு வந்தது. அண்ணாவின் பெயரைத் தாங்கிய ஆட்சியே அதைக் கொண்டு வந்தது என்பதையும் கூறியாக வேண்டும். வரலாற்றில் தன்னவர் பிறர் எனும் பாகுபாடு கூடாது. நகரங்களில் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. ஈராண்டு பள்ளியில் கற்றது ஒருபுறமிருக்க, சில வாரங்கள் காசு கொடுத்துக் கற்றது மேலோங்கியது. 2006இல் இயற்றிய சட்டத்தால் தமிழ்நாடு அத்தேர்வை நீக்கியது. மேல்நிலை மதிப்பெண்ணே மீண்டும் சாவியாயிற்று.

அந்தச் சாவி பத்தாண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. 2017இல் நீட் தேர்வு தமிழ்நாட்டின் மீது சுமத்தப்பட்டது. 1200க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் அனிதா, சுமைதூக்கும் தொழிலாளியின் மகள், மருத்துவராகாமலேயே அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நம்மை விட்டு மறைந்தாள். 2021இலும் 2022இலும் சட்டமன்றம் விலக்குக் கோரும் சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. ஒன்றிய அரசு மறுத்துவிட்டது எனும் செய்தி 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

"தகுதியைச் சோதித்தால் தவறென்ன?" என்பர் சிலர். தகுதியைச் சோதிக்கட்டும்! ஆனால் எதைச் சோதிக்கிறது இத்தேர்வு? பள்ளி கற்பித்ததையா? கடை விற்றதையா? வசதி படைத்தவன் பயிற்சியை மட்டும் வாங்குவதில்லை. காலத்தையும் விலைக்கு வாங்குகிறான். ஒருமுறை தவறினால் ஓராண்டு வீட்டிலிருந்து மறுமுறை எழுதுகிறான். ஆலைத் தொழிலாளியின் மகளுக்கு அந்த ஓராண்டு ஏது? தம்பியின் படிப்பும் வீட்டின் உலையும் அவளை எதிர்பார்த்து நிற்கின்றனவே! ஓடும் களம் ஒன்றே. ஒருவன் காலில் செருப்பு, மற்றவள் தலையில் சுமை.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் வந்தது. 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. வரவேற்கத்தக்க ஏற்பாடே. திருவள்ளூரிலேயே 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் மருத்துவம் பயில விரும்புவோரும் நீட்டில் தேறியாக வேண்டும். பங்கு கிடைத்தது, பூட்டு அகலவில்லை.

ஆலை வாசலில் புதிய குலக்கல்வி

தொழிற்பேட்டையை அடுத்த பள்ளிகளுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. "பக்கத்திலேயே ஆலை இருக்கிறது, பன்னிரண்டு முடித்ததும் ஒப்பந்த வேலை கிடைக்கும், கல்லூரி எதற்கு?" எனும் குரல் இனிமையாகவே ஒலிக்கிறது. தொழிலை நாம் இழிவாகக் கருதுவோரல்லர். உழைப்பே உலகை இயக்குகிறது. நாம் கேட்பது ஒன்றே. அதே அறிவுரை மேலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் கூறப்படுகிறதா? தந்தை உலையின் முன் நின்றான் என்பதற்காக மகனும் உலையின் முன்தான் நிற்க வேண்டுமெனில், 1953இன் திட்டம் மாண்டுவிட்டதாக நாம் மகிழ்ந்தது வீண். அன்று குலத்தின் பெயரால் வந்தது. இன்று வறுமையின் பெயரால் வருகிறது. விருப்பத்தால் தேர்ந்த தொழில் உரிமை; வேறு வழியின்றி ஏற்ற தொழில் தளை.

எனவே அறிவியக்க இளைஞர்க்குக் காத்திருக்கும் பணி மேடைப் பேச்சோடு முடிவதன்று. நுழைவுத்தேர்வின் பூட்டை உடைக்கப் போராடுவோம். அந்தப் போர் முடியும் வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. படிப்பகங்கள் திறந்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. செய்தித்தாள் படித்த அந்தக் கூடங்களில் மாலைதோறும் விளக்கேற்றி, கல்லூரியில் பயிலும் தோழர் ஒருவர் கணக்கும், மற்றொருவர் ஆங்கிலமும் கற்பிக்கட்டும். இருளர் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் அலுவலகம் அலுவலகமாய் அலைகிறதெனில், அந்தத் தந்தையோடு நாமும் செல்வோம். எந்தப் படிப்புக்கு எந்த நாளுக்குள் விண்ணப்பிப்பது, எந்த உதவித்தொகை எவர்க்கு உரியது என்பதை, அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லட்டும். ஆய்வுக்கூடத்தில் கருவியில்லையா? அறிவியல் ஆசிரியர் இடம் காலியா? பெற்றோரைத் திரட்டிக் கேட்போம்; கொடுக்கும் வரை கேட்போம்.

கடம்பத்தூரில் அன்று கூடிய மக்கள் பெரும் பணக்காரரல்லர். "பள்ளி நம்முடையது" என்று நினைத்தனர், பள்ளி எழுந்தது. "கல்லூரியும் நம்முடையதே" என்று இன்று நாம் நினைப்போம். வாயிலின் காவலர் யாராயிருப்பினும், வீட்டின் உரிமையாளர் மக்களே!