பிரஜாவுரிமையும் எங்கள் மறதியும்

வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் கழிந்த பிறகு அவருடைய அலுமாரியைத் துப்புரவு செய்தோம். மேல் தட்டில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருந்தது. உள்ளே மடித்து நூல் கட்டிய கடதாசிக் கட்டு. மேலே கிடந்தது 1951ஆம் ஆண்டு அப்பா போட்ட பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி. எங்கள் பக்கத்தில் வாப்பாவின் வாப்பாவைத்தான் அப்பா என்று கூப்பிடுவோம். அதன் கீழே அவருடைய அரிசிக் கூப்பன் புத்தகம், பள்ளிவாசல் நிர்வாகம் கொடுத்த வதிவிடக் கடிதம், கடைக் கொப்பியிலிருந்து கிழித்தெடுத்த சில தாள்கள். எல்லாவற்றுக்கும் அடியில், அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகச் சொல்லும் ஒற்றைத் தாள்.

அப்பா தொண்டியிலிருந்து பதினாறு வயதில் வந்தவர். வத்தேகமவிலிருந்து மடுல்கலைக்கு ஏறும் பாதையில், பன்வில கடைத்தெருவில், சில்லறைக் கடை வைத்திருந்தார். சுற்றியிருந்த தோட்டங்களின் லயங்களுக்கு அரிசியும் கருவாடும் கடனுக்குப் போகும்; சம்பளத்தன்று கொப்பியில் கோடு விழும். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டதும், மற்றப் பலரைப் போல அவரும் குடும்பத்தை ஊருக்குக் கூட்டிச் சென்றார். யுத்த காலத்தில் திரும்பி வருவது இலகுவாயிருக்கவில்லை. பதினான்கு மாதங்கள் கழித்தே பன்விலைக்கு மீண்டார். அந்தப் பதினான்கு மாதங்கள்தான் அவருடைய விண்ணப்பத்தைத் தின்றன.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காரணம், பிரஜாவுரிமைப் பறிப்பைப் பற்றி நானே இரண்டொரு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் எல்லாம் "மலையகத் தமிழர் பிரச்சினை" என்றுதான் எழுதினேன். அனுதாபத்தோடு எழுதினேன், ஆனால் அடுத்த வீட்டுத் துக்கத்தை எழுதுவது போல எழுதினேன். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே "இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம்" என்பது கண்ணில் பட்டும் மனதில் படவில்லை.

சட்டங்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்பது நல்லது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் அவரது தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது என்பதே இதன் பொருள். அடுத்த ஆண்டுச் சட்டம் மற்றவர்களுக்குப் பதிவு மூலம் ஒரு வாசலைத் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னர், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்து போகும். மூன்றாவதாக வந்த 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகளுக்கே வாக்கு என்றது. 1947இல் வாக்களித்த அப்பாவின் பெயர் 1952 தேர்தல் இடாப்பில் இல்லை. விண்ணப்பங்கள் மூலம் பிரஜாவுரிமை கேட்டவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல். அச்சட்டத்தின் கீழ் ஈற்றில் கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

அரசாங்கத் தரப்புக்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் சட்டம் முதல், கண்டியக் கிராமங்களின் சேனை நிலங்களும் காடுகளும் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் போயின. பன்விலையைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களுக்கு அந்த இழப்பு கதையல்ல, அனுபவம். மலைநாட்டுத் தொகுதிகளைத் தோட்ட வாக்குகள் தீர்மானித்துவிடும் என்ற அச்சமும் அங்கே இருந்தது. 1947இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றதும் அச்சம் கூடியது. ஆனால் நிலத்தை எடுத்தவர் வெள்ளைக்காரத் துரை. தண்டனை பெற்றவரோ அவருக்குக் கீழே கொழுந்து பறித்தவர்.

இந்தப் பின்னணியில்தான் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் நிலைப்பாட்டை நினைவுகூர விரும்புகிறேன். காங்கேசன்துறையைப் பிரதிநிதித்துவப்படுத்திய எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். முன்னோர் யாழ்ப்பாணத்தவர் என்பதால் அவருடைய உரிமைக்கு ஆபத்து இருக்கவில்லை. அவருடைய தொகுதியில் தேயிலைத் தோட்டமும் இல்லை. தோட்டத் தொழிலாளியின் ஒரு வாக்கேனும் அவருக்கு விழப்போவதில்லை. இருந்தும் இச்சட்டங்களை அவர் எதிர்த்தார். இன்று இந்திய வம்சாவளித் தமிழருக்கு நீதி மறுக்கப்படுகிறது, நாளை மொழிப் பிரச்சினை எழும்போது இதே கதி இலங்கைத் தமிழருக்கும் நேரும் என்பது அவர் சபையில் விடுத்த எச்சரிக்கை. எட்டு ஆண்டுகளுக்குள், 1956இல், தனிச் சிங்களச் சட்டம் வந்தது.

அவருடைய தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948 ஆகஸ்டில் முதற் சட்டத்தை எதிர்த்தவர்தான். அடுத்த மாதமே அமைச்சரவையில் சேர்ந்து, இரண்டாவது சட்டத்தை ஆதரித்தார். அந்த இடத்தில் செல்வநாயகம் பிரிந்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது. 1952 தேர்தலில் அவர் தம் தொகுதியையே இழந்தார். இடதுசாரிகளான என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் பீற்றர் கெனமனும் எதிர்த்தே நின்றனர். பெரேரா இந்த வகை இனவாதத்தை ஹிட்லரோடு ஒப்பிட்டுப் பேசினார்.

அப்போது நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. கண்டி மாவட்டத்தின் கலகெதரவில் பிறந்த மர்ஹூம் ரீ.பீ. ஜாயா அன்று டீ.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சர். தோட்டத் தொழிலாளரின் அலுவல்கள் பல அவருடைய அமைச்சின் கீழேயே இருந்தன. முஸ்லிம் கல்விக்கு அவர் செய்த சேவையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. நானும் அந்தச் சேவையின் நிழலில் படித்தவன். அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு அவரைக் கட்டியிருந்தது என்பதும் உண்மை. இருந்தாலும், அந்த அமைச்சரவை கொண்டுவந்த சட்டத்துக்கு அவரும் பங்காளி. மறுபக்கத்தில் இன்னொரு முஸ்லிமும் நின்றார். இந்தியாவில் பிறந்து இலங்கை இந்தியர் காங்கிரஸின் தலைமைக்கு உயர்ந்து, பிற்காலத்தில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்த அப்துல் அஸீஸ் அவர். நம்முடைய சமூக வரலாறுகளில் ஜாயாவுக்கு அத்தியாயம் உண்டு. அஸீஸுக்கு ஒரு பந்தி கிடைப்பதே அரிது.

ஜாயாவின் மீது கோபப்படுவதைவிட, அவருடைய நம்பிக்கையைப் புரிந்துகொள்வது பயன் தரும். 1945இல் சோல்பரி ஏற்பாடுகளை ஆதரித்து அரசாங்க சபையில் அவர் பேசியது பிரசித்தம். சமூகத்துக்கென விசேட உரிமை கேட்காமல் நாட்டின் சுதந்திரத்தை முன்வைத்தார். அந்த யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்றது. சிறுபான்மையினர் எல்லோருக்கும் அதுவே கேடயம்.

அந்தக் கேடயம் முதன்முதலாகப் பெரிய சோதனைக்கு வந்தது தோட்டத்து மக்களின் விடயத்தில்தான். வாக்காளர் இடாப்பிலிருந்து விலக்கப்பட்ட கோடகன்பிள்ளை என்பவரின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. தன் பிரஜைகள் யாரெனத் தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் இயல்பான உரிமை, இச்சட்டங்கள் 29ஆம் பிரிவை மீறவில்லை என்று 1953இல் தீர்ப்பாயிற்று. எழுத்தில் இனத்தின் பெயர் இல்லாதவரை ஓர் இனத்தின் மீது எவ்வளவு பாரமும் ஏற்றலாம் என்றே சாதாரண மனிதனுக்கு இது விளங்கியது. 1972 யாப்பில் அந்தப் பிரிவும் இல்லாமற் போனது. அவர்களுக்கு எதிராக உடைந்த கேடயத்தின் கீழே நின்றவர்கள் நாமும்தான். உடைந்த சத்தம் நமக்குக் கேட்கவில்லை.

கேட்காமைக்கு ஒரு காரணம் உண்டு. குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டு நிரல்கள் இருந்தன. முதல் நிரலில் இருந்தவர்கள் அந்தக் கோடு தங்களைக் காக்கும் என்று நம்பினார்கள். ஆனால் கண்டி முஸ்லிம்களுக்கு அந்தக் கோட்டின் பலம் ஏற்கனவே தெரிந்திருக்க வேண்டும். 1915 மே மாத வெசாக் இரவில் காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே கலவரம் தொடங்கியபோது, கோபம் "ஹம்பயா" என்று ஏசப்பட்ட கரையோரச் சோனகர் மீது, அந்நியர் மீது, என்றே சொல்லப்பட்டது. சில நாட்களில் அது பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. கடைகளைக் கொளுத்தியவர்கள் கடைக்காரனின் பாட்டன் எங்கே பிறந்தான் என்று விசாரிக்கவில்லை.

1950களில் "கள்ளத்தோணி" என்ற சொல் நாடு முழுவதும் புழங்கியது. சட்டவிரோதமாக வருவோரைத் தடுக்க மன்னார்க் கரையில் இராணுவம் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்தச் சொல் கரையில் நிற்கவில்லை. மலைக்கும் ஏறி வந்தது. இருபது முப்பது ஆண்டுகளாக இங்கே இருந்தவனும் கடதாசி இல்லாவிட்டால் கள்ளத்தோணிதான். சிங்களவர் சொன்னார்கள், வடக்குத் தமிழர் சொன்னார்கள், நம்மவர்களும் சொன்னார்கள். வத்தேகமப் பக்கமிருந்து ஜீப் சத்தம் கேட்டால் அப்பா கூப்பன் புத்தகத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாராம். வாப்பா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தத் தகரத்தைத் திறக்கும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் முதலில் கேட்கவில்லை. அப்பாவின் கொப்பியில் கோடு விழாமல் நின்ற பெயர்கள் பல அந்தக் கப்பல்களில் போயிருக்கும். அப்பா 1966இல் நாடற்றவராகவே மௌத்தானார். பன்வில மண்ணிலே பிறந்த வாப்பா சில ஆண்டுகள் கழித்துப் "பதிவுப் பிரஜை" ஆனார். படிவங்களில் "வம்சாவளியாலா, பதிவாலா" என்ற கேள்வி வரும்போதெல்லாம் பேனாவைச் சற்று நிறுத்துவார். 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்த பிறகே நாடற்றோர் என்ற நிலை பெரும்பாலும் தீர்ந்தது. ஒரு சட்டம் செய்ததைத் திருத்த ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

செல்வநாயகத்தைப் புகழ்வது முஸ்லிம் வாசகர் சிலருக்கு உறுத்தும் என்பதை அறிவேன். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மணித்தியாலக் கணக்கில் அவகாசம் கொடுத்து, பல இடங்களில் கையிலிருந்த நகையையும் பணத்தையும் பறித்து அனுப்பினார்கள். அந்த மக்களிடம் பிரஜாவுரிமை இருந்தது, அடையாள அட்டை இருந்தது; பிறந்த ஊரில் இருக்கும் உரிமை மட்டும் இருக்கவில்லை. 1977இல் மறைந்த செல்வநாயகத்தின் தலையில் அதைப் போட முடியாது. ஆனால் 1948இல் அவர் சபையில் எதை எதிர்த்தாரோ, அதையே அவருக்குப் பின்வந்தவர்கள் துப்பாக்கியோடு செய்தார்கள். யார் இந்த மண்ணுக்கு உரியவர் என்பதைப் பலமுள்ளவன் தீர்மானிக்கலாம் என்ற எண்ணமே இரண்டு இடத்திலும் வேலை செய்தது. ஒரு நிலைப்பாடு அதைச் சொன்னவரின் கட்சிக்கு மட்டும் சொந்தமாக இருந்தால் அது நிலைப்பாடே அல்ல.

கடலுக்கு அப்பாலும் இந்தக் கதை முடியவில்லை. 2019 டிசம்பரில் இந்தியா குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு வழி திறந்தது; முஸ்லிம்களுக்கு இல்லை. இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லாததால், தமிழகத்து முகாம்களில் பல்லாண்டுகளாக வாழும் நம் நாட்டுத் தமிழ் அகதிகளுக்கும் இல்லை. 2021 செப்டம்பர் 8இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அச்சட்டத்தை மீளப்பெறக் கோரும் தீர்மானத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொண்டுவந்தார். அதனால் மத்தியின் சட்டம் மாறிவிடவில்லை. ஆனால் முஸ்லிமும் ஈழ அகதியும் ஒரே வாசலில் தடுக்கப்பட்டு நிற்கிறார்கள் என்பது ஒரு சபையின் பதிவேட்டில் ஏறியது. 1948இன் ஹன்சார்டும் அப்படித்தான். தோற்ற வாதங்கள் என்றாலும், இன்று நாம் எடுத்துப் படிப்பது அவற்றைத்தான்.

தகரத்தை மூடி மறுபடி அலுமாரியில் வைக்க மனம் வரவில்லை. கண்டியிலும் கம்பளையிலும் மாத்தளையிலும் கொழும்புப் புறக்கோட்டையிலும், இப்படியான கட்டுகள் இன்னும் எத்தனை வீடுகளில் கிடக்கின்றனவோ. நம்முடைய வரலாற்றை வணிகர்களின் வரலாறாகவும் கல்விமான்களின் வரலாறாகவும் எழுதி வைத்திருக்கிறோம். நிராகரிப்புக் கடிதங்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அப்படியொரு தாள் உங்கள் வீட்டில் இருந்தால், கரையான் அரிக்கும் முன் எடுத்துப் படியுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். நான் வாப்பா இருக்கும்போது கேட்கவில்லை.