தாயைப் போற்றினோம், மகளை மறந்தோம்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வைகாசி மாதத்திலே கண்ணகி கோயில்கள் கதவு திறக்கின்றன. வழக்குரை காவியம் பாடப்படுகின்றது, குளிர்த்தி நிகழ்கின்றது. சிங்கள மக்களும் அவளையே பத்தினித் தெய்வமாக வணங்குகின்றனர். ஆயின், கண்ணகியைத் தாயாகக் கொண்ட மணிமேகலை என்னவானாள் என்று நம்மிலே எத்தனை பேர் கேட்கின்றோம்?

வஞ்சி நகரிலே தன்னை வணங்கிய மணிமேகலையிடம், சமயவாதிகள் அனைவரையும் கேட்டறியுமாறு பணிக்கின்றாள் கண்ணகி. இளம்பெண்ணுக்கு எவரும் பொருள் உரையார் ஆதலின், வேற்றுருக் கொண்டு செல்லுமாறும் கூறுகின்றாள். அறிவின் வாயில் பெண்ணுக்கு அடைக்கப்பட்டிருந்தமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ? சைவர், வைணவர், வேதவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, பூதவாதி எனப் பலரையும் கேட்டும் அவள் நிறைவு பெறவில்லை. இறுதியிலே காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருவன, காட்சி, கருத்து என்னும் இரண்டு அளவைகளே. நூலுரை அங்கே தனி அளவையாக நிற்கவில்லை. மரபென்றோ, மறையென்றோ, குருவின் வாக்கென்றோ எதனையும் ஏற்காதீர் என்று காலாமருக்குப் புத்தர் உரைத்த நெறியே இது.

உ. வே. சாமிநாதையர் 1898 இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் அயோத்திதாச பண்டிதர் கொழும்பிலே பஞ்சசீலம் ஏற்றுச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பேராசிரியர் லட்சுமி நரசு 1907 இல் எழுதிய பௌத்த நூலை 1948 இல் மறுபதிப்புச் செய்வித்த அம்பேத்கர், 1956 இல் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். சாதியை எதிர்த்தோருக்குப் புத்தர் போர்க்கருவியானார்.

எனினும் வாவிக்கரைத் தமிழரும் முஸ்லிம்களும் வேறொரு பௌத்தத்தையும் கண்டனர். 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதற்கு முதன்மை இடம் அளித்தது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அதனைத் தொடர்ந்தது. அரியணையேறிய சமயம் கேள்வியை விரும்புவதில்லை. ஆதலின் புத்தரையே வெறுப்பது முறையாகுமோ? ஆகாது. அரசுக்குரியவர் புத்தர் என்று ஒப்புக்கொள்வதே அதன் பொருளாகும்.

மணிமேகலையையும் நாம் கண்மூடி ஏற்கவில்லை. மறுபிறப்பும் அற்புதங்களும் அக்காவியத்தில் உள்ளன. அவற்றையும் அவ்விரு அளவைகளாலேயே அளப்போம். அளந்தபின் எஞ்சுவது யாது? சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய துணிவும், பசித்தோர்க்கு உணவளித்த பாத்திரமும். எமது சமயத்துக்கு அவை போதும்.