கால் நரம்புச் சுருட்டலுக்கு மாத்திரை: எதைச் செய்யும், எதைச் செய்யாது?

மாலையானால் கணுக்கால் வீங்குவதையும், கெண்டைக்காலில் நீல நிறத்தில் புடைத்து நெளிவதையும் நாம் நரம்புச் சுருட்டல் என்கிறோம். உண்மையில் அது நரம்பல்ல. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை. அதன் வால்வுகள் பழுதானால் மேலேறிய இரத்தம் மீண்டும் கீழிறங்கித் தேங்கும்.

நிற்கும்போது கணுக்காலில் சிரை அழுத்தம் சுமார் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் இருக்கும். நடக்கும்போது அது 30 அளவுக்குக் குறைய வேண்டும். குறையாமல் நீடிப்பதே நாள்பட்ட சிரை உயர் அழுத்தம். கையில் பார்க்கும் பிரஷர் வேறு, இது வேறு.

நுண்குழாய்களில் நடப்பது

மயிரிழை போன்ற நுண்குழாய்கள் விரிந்து கசிகின்றன, வீக்கம் வருகிறது. வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி அழற்சியை உண்டாக்குகின்றன. கசிந்த சிவப்பணுக்களின் இரும்புச்சத்து படிந்து தோல் கறுக்கிறது. கடைசியில் கணுக்காலின் உட்புறத்தில் ஆறாத புண் வருகிறது.

மருந்துகள்

டயாஸ்மின் 450 மி.கி., ஹெஸ்பெரிடின் 50 மி.கி. சேர்ந்த மாத்திரை வெள்ளையணு ஒட்டுவதையும் கசிவையும் குறைத்து, வீக்கத்தையும் கால் கனத்தையும் தணிக்கிறது. கால்சியம் டோபசிலேட்டும் கசிவைக் குறைக்கும். ஆனால் அரிதாக வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதை உண்பவருக்குக் காய்ச்சல், தொண்டைவலி வந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பென்டாக்சிஃபைலின் புண் ஆற உதவுகிறது.

எந்த மாத்திரையும் பழுதான வால்வைச் சரிசெய்யாது. அழுத்தக் காலுறை, நடை, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவையே அடிப்படை. தேவைப்பட்டால் லேசர் போன்ற சிகிச்சையும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் காலின் தமனி ஓட்டத்தைப் பரிசோதித்த பிறகே அழுத்தக் காலுறை அணிய வேண்டும்.

ஹலால் பேணுதல்

சிரை நோய்க்குத் தரப்படும் சுலோடெக்சைடு பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. டயாஸ்மினின் மூலம் ஆரஞ்சு வகைப் பழங்கள். ஆயினும் மாத்திரையில் ஜெலட்டின் சேர்ந்திருக்கலாம், உள்ளிருக்கும் குறிப்பைப் பாருங்கள். மாற்று மருந்து இருக்கும்போது அதைத் தேர்வதே பேணுதல். வேறு வழியில்லை என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் நிர்ப்பந்தச் சட்டம் பொருந்தும். நாமாக மருந்தை நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் தயங்காமல் கேட்போம்.

நோய்க்கு மருத்துவம் செய்வது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக.