சமூகப் பதற்றம்: கல்லூரி மாணவரிடையே

சமூகப் பதற்றம் என்பது, பிறர் தன்னையே கவனிக்கிறார்கள், குறை காண்பார்கள், சிரிப்பார்கள் என்று எண்ணி நாலு பேர் முன்னால் பேசவும் நிற்கவும், சில சமயம் உண்ணவும்கூட அஞ்சும் நிலை. அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் 1980இல் மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இதைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது. அச்சம் 6 மாதமோ அதற்கு மேலோ நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவுகளையோ கெடுத்தால்தான் அது கோளாறு என்பது 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பொதுவான அளவுகோல். பெரும்பாலும் பதின்வயதின் தொடக்கத்திலேயே தலைகாட்டினாலும் பள்ளியில் அது கண்ணில் படுவதில்லை. எழுத்துத் தேர்வில் மதிப்பெண் வாங்கும் பிள்ளையை, அமைதியான பிள்ளை என்று பாராட்டி விட்டுவிடுகிறோம். கல்லூரியில் செமினார், வாய்மொழித் தேர்வு, விடுதி வாழ்க்கை, வளாகத் தேர்வின் குழு விவாதம் என்று பேசியே தீரவேண்டிய இடங்கள் அடுத்தடுத்து வரும்போது வெளிப்பட்டுவிடுகிறது.

இந்த அச்சத்தைச் சமாளிக்க மாணவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கும் வழிகளே அதை வளர்க்கின்றன. பிரிட்டிஷ் உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இது. பதற்றம் உள்ளவர் எதிரில் இருப்பவரைக் கவனிப்பதில்லை; தன்னையே கவனிக்கிறார். நெஞ்சு படபடப்பதையும் குரல் நடுங்குவதையும் உள்ளுக்குள் உணர்ந்து, அவ்வளவும் வெளியே தெரிகிறது என்று முடிவுகட்டுகிறார். பிறகு தப்பிக்கும் உபாயங்கள் தொடங்கும்: கடைசி பெஞ்சு, செமினார் அன்று விடுப்பு, ஒரு வரி விடாமல் மனப்பாடம், உணவுக்கூடத்தில் கைபேசிக்குள் புதைந்த தலை. அன்றைய பொழுது தப்பிவிடும். ஆனால் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது தெரியாமலே போகும். ஒன்றும் நடக்காவிட்டால், உபாயத்தால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். போதாததற்கு, கண்ணைப் பார்க்காமல் முணுமுணுப்பவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று வகுப்பு நினைத்துக்கொள்வதும் உண்டு.

பிறர் கவனிப்பதாக நாம் நினைக்கும் அளவு மிகையானது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், பாடகர் பேரி மேனிலோவின் படம் போட்ட சட்டையோடு மாணவர்கள் ஓர் அறைக்குள் அனுப்பப்பட்டார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். சட்டை அணிந்த மாணவர்கள் பதற்றக் கோளாறு உள்ளவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்களும் அல்லர்.

ஆகவே பயம் தெளிந்த பிறகு பேசலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை. பேசப் பேசத்தான் தெளியும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதை முறைப்படுத்துகிறது: வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பது, மனப்பாடம் செய்யாமல் இரண்டு நிமிடம் பேசுவது, வேண்டுமென்றே ஒரு சொல்லில் தடுமாறிவிட்டு யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பது எனப் படிகள் உயரும். 101 ஆய்வுகளை ஒப்பிட்டு 2014இல் வெளியான பகுப்பாய்வு, தனிநபருக்குத் தரப்படும் இந்தச் சிகிச்சைக்கே முதலிடம் தந்தது. மருந்துகளும் உண்டு; பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும், மருத்துவர் மேற்பார்வை வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு முன் படபடப்பைக் குறைக்க நண்பனிடம் ப்ரொப்ரனலால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்தாகவே முடியலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு மறுப்பு எழும்: இது பதற்றமல்ல, ஆங்கிலம் வராததன் விளைவு. இதில் உண்மை இருக்கிறது. 12ஆம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர் ஆங்கிலத்தில் செமினார் எடுக்கத் தயங்குவது நியாயம். கேலி செய்யும் வகுப்பும் கற்பனையல்ல. அங்கே மொழிப்பயிற்சியும் கேலியை அடக்கும் ஆசிரியரும் தேவை. ஆனால் தமிழே பேசும் அலுவலகத்தில் சான்றிதழ் கேட்கவும் நண்பனை அனுப்புகிறவருக்கு ஆங்கில வகுப்பு மட்டும் போதாது.

எதிர்கொள்வதுதான் மருந்து என்றால் மேடையில் தள்ளிவிட்டால் போதாதா? கூச்சம் போகும் என்றுதான் ராகிங்கையும் சீனியர்கள் நியாயப்படுத்தினார்கள்; அதைத் தமிழ்நாடு 1997இல் தனிச்சட்டம் இயற்றித் தடை செய்தது. சிகிச்சையின் படிகள் மாணவரே ஒப்புக்கொண்டு ஏறுபவை. கட்டாயத்தில் ஏறிக் கேலியில் முடியும் மேடை, அவர் அஞ்சியதை மெய்ப்பித்துக் காட்டிவிடும். வயதானால் சரியாகும் என்பாரும் உண்டு. சிலருக்குச் சரியாகலாம், சிகிச்சையின்றிப் பல்லாண்டு நீடிப்பதும் இதன் இயல்பு, மாணவர் இழக்கும் செமஸ்டர்களோ திரும்பி வரா. இதற்காக அதிகம் பேசாத ஒவ்வொருவரையும் நோயாளியாக்க வேண்டியதில்லை. தனிமையை விரும்புகிறவர் வேறு, பேச விரும்பியும் பேச முடியாமல் தவிப்பவர் வேறு. பின்னவர் கல்லூரியின் உளவியல் ஆலோசகரையோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ அணுகலாம். நேரில் போகவே தயங்குகிறவர்களுக்கு, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி மனநலச் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது.