அமராவதி எண்ணிய நூறு



காதலுக்காக உயிர் நீத்தவர்கள் யார் என்று நம் முதியவர்களைக் கேட்டால், அவர்கள் வாயில் முதலில் வரும் பெயர்கள் அம்பிகாபதியும் அமராவதியுமே. கம்பரின் மகன் அம்பிகாபதி. சோழ மன்னனின் மகள் அமராவதி. புலவன் மகன் அரசகுமாரியை விரும்பினான், உயிரை இழந்தான். கதை இவ்வளவுதான். ஆயினும் பல தலைமுறைகளாக இக்கதை மக்களைக் கண்கலங்க வைக்கிறது. அதற்குக் காரணம் அதன் காட்சிகள் அமைந்துள்ள முறையே என்பது என் கருத்து. அக்காட்சிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வரலாறு கூறுவது

"டீச்சர், இது உண்மையில் நடந்ததா?" என்று ஆறாம் ஆண்டு மாணவர்கள் கேட்பதுண்டு. நேர்மையான விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். சோழர் கல்வெட்டுகளில் இக்காதலுக்குச் சான்று இல்லை. கம்பரின் காலத்தைப் பலர் 12ஆம் நூற்றாண்டு என்பர். 9ஆம் நூற்றாண்டு என வாதிட்டோரும் உளர். கதையில் வரும் மன்னன் குலோத்துங்கன் எனப்படுகிறான். சோழர் வரலாற்றிலோ அப்பெயருடையோர் மூவர். கதையில் கம்பருக்குப் போட்டியாக நிற்கும் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் மீதும் உலா பாடியவர். அம்பிகாபதியின் பெயரால் ஒரு கோவை நூலும், தனிப்பாடல்கள் சிலவும் வழங்குகின்றன. செவிவழிக் கதையும் தனிப்பாடல்களும் சேர்ந்தே இக்காதலை நம்மிடம் கொண்டு வந்து சேர்த்துள்ளன.

முதற்காட்சி: விருந்து

அரண்மனையில் விருந்து நடக்கிறது. மன்னன், கம்பர், ஒட்டக்கூத்தர், அம்பிகாபதி அனைவரும் அமர்ந்திருக்கின்றனர். உணவு பரிமாற அமராவதி வருகிறாள். அவளுடைய மெல்லிய நடையைக் கண்ட அம்பிகாபதி, தன்னை மறந்து அவளைப் பாடத் தொடங்கிவிடுகிறான். பாதிப் பாடலில் அவை உறைந்து போகிறது. உடனே கம்பர் மீதிப் பாடலைத் தாமே பாடி முடிக்கிறார். தெருவில் கொட்டிக் கிழங்கு விற்றுச் செல்லும் பெண்ணைப் பற்றிய பாடலாக அது மாறிவிடுகிறது. வெளியே சென்று பார்த்தால், கலைமகள் அருளால் உண்மையிலேயே கிழங்கு விற்பவள் ஒருத்தி நிற்கிறாளாம்.

இக்காட்சி செய்யும் பணிகள் மூன்று. காதல் அம்பலமாகும் ஆபத்தை நமக்குக் காட்டுகிறது. மகன் அழகைக் கண்டால் நாவை அடக்க மாட்டான் என்னும் அவனது இயல்பை உணர்த்துகிறது. தந்தையின் புலமை இம்முறை காப்பாற்றியது என்பதையும் பதிய வைக்கிறது. அடுத்த முறை கம்பரால் இயலாது என்னும் அச்சம் அப்போதே நம் நெஞ்சில் விழுந்துவிடுகிறது.

இரண்டாம் காட்சி: நூறு பாடல்

காதல் வெளிப்பட்ட பின்னர் மன்னன் ஒரு நிபந்தனை விதிக்கிறான். சிற்றின்பச் சுவை சிறிதும் கலவாமல் இறைவனைப் பற்றி நூறு பாடல்கள் பாட வேண்டும். பாடி முடித்தால் அமராவதி அவனுக்கு; தவறினால் தலை போகும்.

அமராவதி மறைவில் அமர்ந்து பாடல்களை எண்ணுகிறாள். காப்புச் செய்யுளையும் ஒன்றாகக் கணக்கிட்டு, நூறு முடிந்ததென்று மகிழ்ந்து வெளியே எட்டிப் பார்க்கிறாள். உண்மையில் முடிந்தவை தொண்ணூற்றொன்பதே. அவளைக் கண்டதும் அம்பிகாபதி அவளழகைப் பாடிவிடுகிறான். அத்துடன் எல்லாம் முடிந்தது.

காப்பை நூலின் எண்ணிக்கையில் சேர்க்காதிருப்பது தமிழ் மரபு. அபிராமி அந்தாதி நூறு பாடல்கள் என்போம். காப்பும் நூற்பயனும் அதற்குப் புறம்பானவை. இம்மரபை அறிந்த அவையோருக்குத் தவறு நிகழும் நொடியிலேயே புரிந்துவிடுகிறது. அமராவதிக்கு மட்டும் புரியவில்லை. நமக்குத் தெரிந்தது பாத்திரத்திற்குத் தெரியாதபோதுதான் நாடகத்தில் நெஞ்சு பதைக்கிறது. எங்கள் சிம்பாங் பூலாய் வட்டாரத்து மூதாட்டி ஒருவர், தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை நினைவுகூர்ந்தார். இக்காட்சி வந்ததும், "எழுந்திரிக்காதே தாயி, இன்னும் ஒண்ணு இருக்கு!" என்று பெண்கள் திரையை நோக்கிக் கூவுவார்களாம். பால்மரம் வெட்டிக் களைத்த அவர்களும் கூடவே எண்ணியிருக்கிறார்கள்.

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டிலும் ஒரு சிறு தவறே பேரழிவாகிறது. கொள்ளைநோய் அச்சத்தால் தூதுவர் ஒரு வீட்டில் அடைபட, மடல் ரோமியோவிடம் சேர்வதில்லை. அங்கே தடை வெளியிலிருந்து வந்தது. இங்கே அவனை அதிகம் நேசித்தவளின் ஆவலே அவனுக்கு எமனாகிறது. நம் கதையின் கொடுமை அதுவே.

மூன்றாம் காட்சி: தந்தை

மகன் கொலையுண்ட பின் கம்பர் பாடியதாக ஒரு தனிப்பாடல் வழங்குகிறது. ஒரு தம்பி நாடாள, ஒரு தம்பி உடன்வர, மனைவியும் துணைவர மகன் காட்டுக்குத்தான் போனான். அதையே தாங்காமல் தசரதன் உயிர் விட்டான். மகனை முற்றாக இழந்தும் உயிரோடிருக்கும் தம் நெஞ்சின் வலிமைக்கு உவமை ஏது எனக் கம்பர் வினவுவதாக அதன் பொருள் அமைகிறது. தசரதன் மறைவைப் பாடிய அதே புலவர் இப்போது அவனைவிடக் கொடிய துயரில் நிற்கிறார். விருந்தில் மகனைக் காத்த தமிழ் இப்போது அழுவதற்கு மட்டுமே பயன்படுகிறது. முதற்காட்சியை மறவாதவர்க்கு இந்த இடம் இரு மடங்கு கனக்கும்.

திரையில்

1937இல் வெளிவந்த 'அம்பிகாபதி'யில் எம். கே. தியாகராஜ பாகவதரும் எம். ஆர். சந்தானலட்சுமியும் நடித்தனர். இயக்கியவர் தமிழ் அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், வசனம் இளங்கோவன். 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் மாடக் காட்சியைத் தழுவி இப்படத்தின் காதற்காட்சி அமைந்தது. 1957இல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடிக்க, ப. நீலகண்டன் இயக்கத்தில் இக்கதை மீண்டும் படமானது. இரு படங்களுக்கும் இடையே இருபதாண்டுகள் கடந்தும் மக்கள் காத்திருந்தது அந்த நூறாவது பாடலுக்காகத்தான்.

நாம் சிந்திக்க வேண்டியது

காட்சியின் வலிமை சில வேளைகளில் நம் அறிவை மயக்கிவிடும். இக்கதையைக் கேட்ட மாணவர்களிடம், "குற்றம் யாருடையது?" என்று வினவினால், பெரும்பாலோர் "அமராவதி சரியாக எண்ணவில்லை" என்பார்கள். பெரியோர்களும் "பெண்ணின் அவசரம்" என்றே கூறுவர். நாம் அனைவரும் எண்ணுவதிலேயே மூழ்கிவிடுகிறோம். ஒருவர் உயிரும் இருவர் வாழ்வும் ஏன் ஓர் எண்ணிக்கையைச் சார்ந்திருக்க வேண்டும் என்று கேட்க மறக்கிறோம். தொண்ணூற்றொன்பது பாடல்களைப் பிழையின்றிப் பாடியவனுக்குக் கொலைத்தண்டனை விதித்தவன் மன்னன். புலவன் மகன் அரசமகளுக்கு ஈடாகான் என்னும் நிலைவேற்றுமையே அந்நிபந்தனையின் வேர். சாதியும் தகுதியும் பார்த்துப் பிள்ளைகளின் திருமணத்தைத் தடுக்கும் வழக்கம் நம் சமூகத்திலும் இன்னும் ஒழியவில்லை. அங்கேயும் பழி பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே, இக்கதையை வகுப்பில் கூறும்போது ஆசிரியர்கள் இரண்டு செய்திகளைச் சேர்த்துக் கூறலாம். ஒன்று, இது வரலாறு எனச் சான்றுகளால் நிறுவப்பட்டதன்று. மற்றொன்று, அமராவதி எண்ணியதில் பிழை இருக்கலாம். ஆனால், வாளை ஓங்கியவள் அவளல்லள். காட்சியைக் கண்டு கலங்கும் பிள்ளை, இதையும் உணர்ந்தால் கதை பயனுள்ள பாடமாகும்.